வெறும் வயிற்றில் குடித்த ஒயின்

என் மாமனார் சவுரியப்பனுக்குத் திராட்சைக் கொடி என்றாலே ஆகாது. "வயித்துக்குச் சோறு போடாத செடி" என்பார். கிணற்றடியில், கேழ்வரகு விளைந்துகொண்டிருந்த நல்ல பூமியில், என் வீட்டுக்காரர் செபாஸ்டின் கல்தூண் நட்டுப் பந்தல் போட்ட நாளிலிருந்து அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் வழியாகத்தான் பேச்சு. "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேளும்மா" என்று மாமனார் சொல்வார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மகன், "காட்டியாச்சுன்னு சொல்லு" என்பார். என்னைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்களா, தபால் வேலைக்கு அனுப்பினார்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நான் சொல்வது மதுவிலக்கு வருவதற்கு முந்தைய வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்கு மேற்கே இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், மாதா கோயில் குடிகள். கோயிலில் லெமேர் சாமி என்று ஒரு பிரெஞ்சுக்காரர் பங்குச் சாமியாராக இருந்தார். வெயிலில் சிவந்த மூக்கும் புத்தகத் தமிழுமாக நல்ல மனுஷர். கொடிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். ஒன்று பன்னீர் திராட்சை. இன்னொன்று அவர் தேசத்துக் கறுப்புத் திராட்சை, பாண்டிச்சேரி வழியாக ஈரச்சாக்கில் சுற்றி வந்தது. நாங்கள் அதற்குக் கறுப்பன் என்று பெயர் வைத்திருந்தோம்.

சாமிமார் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கிறவர்கள். அது அவர்கள் ஊரிலிருந்து கப்பலில் வர வேண்டும். வெயிலில் பாதி காடியாகிப்போகும். ஆகையால் லெமேர் சாமி செபாஸ்டினிடம் சொல்லியிருந்தார்: "ஆகஸ்டு பதினைந்து மாதா திருவிழாவுக்குச் சுற்றியுள்ள பங்குச் சாமிகள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் மேசையில் உன் ஒயினை வைப்போம். அவர்களுக்குப் பிடித்தால், எங்களுக்கு மேலே இருக்கும் மேற்றிராணியாரிடம் சொல்லி எல்லாச் சாமியார் பங்களாவுக்கும் உன்னிடமே வாங்கச் செய்கிறேன்." ஒயின் போடத் தாசில்தாரிடம் அனுமதியும் அவரே வாங்கி வைத்தார்.

இதைக் கேட்ட மாமனார் என்னைக் கூப்பிட்டு மகனுக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். "சாமிமாருக்குப் புடிக்கலைன்னா கொடியைப் புடுங்கிப் போட்டுட்டுக் கடலக்கா வெதைக்கணும்னு சொல்லும்மா."

செபாஸ்டினும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "கொடியைப் புடுங்கற அன்னைக்கு நான் கோலாருக்கு வண்டி ஏறிருவன்னு சொல்லு."

கோலார் என்றதும் மாமனார் முகம் சுண்டிப்போயிற்று. செபாஸ்டினின் அண்ணன் மதலைமுத்து அங்கே தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்க்கிறார். முந்தைய கிறிஸ்துமஸுக்கு அவர் வந்திருந்தபோது வீடு முழுக்க அவருடைய இருமல்தான் கேட்டது. கல்தூளைத் தின்று தின்று நெஞ்சு காய்ந்துவிட்டது என்றார்கள். அந்த இருமலை ஒரு வாரம் கேட்டவள் நான். என் புருஷனை அந்தக் குழிக்குள் அனுப்ப எனக்கு மனசில்லை. ஆனால் சொன்னதைச் செய்கிற பிடிவாதம் அவருக்கு உண்டு. எனவே அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாமே ஒயின் நன்றாக வருமா வராதா என்பதில் வந்து நின்றது.

சித்திரையில் பழம் அறுத்தோம். கால்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நானும் பக்கத்து வீட்டு ராஜமேரியும் மிதித்தோம். பன்னீரைத் தனியாக ஒரு ஜாடியிலும் கறுப்பனைத் தனியாக ஒரு ஜாடியிலும் தோலோடு ஊற வைத்தார் செபாஸ்டின். இரண்டும் நுரைத்துப் பொங்கி அடங்கியதும் துணியில் வடிகட்டினார். சர்க்கரை சேர்க்கக் கூடாது, தண்ணீர் சேர்க்கக் கூடாது, இரண்டையும் ருசி பார்த்துப் பார்த்துக் கலக்கி, பாண்டிச்சேரியிலிருந்து வந்த காலிப் பீப்பாயில் ஊற்றி மூட வேண்டும் என்று லெமேர் சாமி சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு மலேரியாவில் படுத்தார். பெங்களூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருவிழாவுக்கு முன்பு வரமாட்டார் என்றாகிவிட்டது.

ருசி பார்க்கச் சொன்னாரே தவிர, எப்படிப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. களியை எப்படி விழுங்குவது என்று நாம் யாருக்காவது சொல்லித் தருவோமா? அவருக்கு அது அப்படி.

எங்களுக்கோ ஒயினைத் தெரிந்த இடம் ஒன்றுதான், கோயில் பீடம். அங்கேயும் சாமியார் மட்டும்தான் குடிப்பார். நள்ளிரவு தொடங்கிப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, காலைப் பூசையில் குடிப்பார். நன்மை என்கிற அப்பத்தை நாக்கில் வாங்குகிற நாங்களும் அப்படியே வெறும் வயிற்றில்தான் போய் முழங்கால் போடுவோம். ஆகவே ஒயின் என்பது பட்டினியோடு, முழங்காலில் நின்று, சத்தமில்லாமல் தொண்டைக்குள் இறக்க வேண்டிய ஒன்று என்பதில் எங்கள் ஊரில் இரண்டாவது கருத்தே கிடையாது. கள்ளுக்கடையே கதியென்று கிடக்கும் பச்சியப்பன், எங்கள் கோயில்காரன்கூட இல்லை, அவனே எங்கள் ஜாடி இருந்த அறைப்பக்கம் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். குடித்துப் பார்க்கிறாயா என்று கேட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கலக்குகிற அன்றைக்கு உபதேசியார் வியாகுலம் வந்தார். சாமியார் இல்லாத நேரத்தில் ஜெபம் சொல்வது, கோயில் சாவி வைத்திருப்பது, ஊருக்குப் புத்தி சொல்வது எல்லாம் அவர். அவர், என் மாமனார், செபாஸ்டின் மூவரும் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. விடிந்ததும் ஜெபம் சொல்லி, அறையில் பாய் விரித்து முழங்கால் போட்டார்கள். பொம்பளைகள் தொடக் கூடாது என்று உபதேசியார் சொல்லிவிட்டதால் நான் முக்காடு போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

பன்னீர் ஜாடியிலிருந்து முதலில் ஆளுக்கு ஒரு கரண்டி. வாசனை தூக்கலாக இருந்தது, ஆனால் வாயில் எதுவும் நிற்கவில்லை என்றார்கள். பிறகு கறுப்பன். மூன்று பேருடைய கன்னமும் ஒரே நேரத்தில் உள்ளே போனது. கடுக்காயைக் கடித்தவர்கள் மாதிரி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பன்னீரை நெறைய ஊத்து செபாஸ்டினு. கறுப்பன் பேருக்குக் கொஞ்சம் போதும்" என்றார் உபதேசியார்.

"கறுப்பன் இல்லைன்னா இது சர்பத்துங்க உபதேசியாரே. கடையில கலர் வாங்கிக் குடிச்சுட்டுப் போயிரலாம். பாதிக்குப் பாதிதான்" என்றார் என் வீட்டுக்காரர். கொடியை வளர்த்தவர் சொல்கிறாரே என்று உபதேசியாரும் அடங்கிப்போனார். பாதிக்குப் பாதி கலந்து பீப்பாயில் ஊற்றி மூடினார்கள்.

ஆடி பிறந்ததும் திறந்து பார்த்தார்கள். மறுபடியும் பட்டினி, மறுபடியும் பாய், மறுபடியும் முழங்கால். இந்தத் தடவை கரண்டியில்லை, ஆளுக்கு ஒரு டம்ளர். குடித்த கொஞ்ச நேரத்தில் உபதேசியார் எழுந்திருக்கப் பார்த்து, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செபாஸ்டினுக்கு நெற்றியில் வேர்வை.

"எரியுது" என்றார் மாமனார், யாரிடம் என்றில்லாமல்.

உபதேசியார் கதவை விடாமல் பேசினார். "செபாஸ்டினு, நீ வருத்தப்படக் கூடாது. இதை மேசையில வெச்சா ஊருக்கே அவமானம். வாய் துவர்க்குது, வயிறு எரியுது, தலை சுத்துது. சாமிமாரு தூர தேசத்துல இருந்து நமக்காக வந்தவங்க. அவங்கள இப்படிச் சோதிக்கக் கூடாதுப்பா."

செபாஸ்டின் பீப்பாயை மூடிவிட்டு நேரே பரணில் ஏறித் தகரப் பெட்டியை இறக்கினார். அதற்குள் இருந்த பழைய துணியையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, துடைத்து, வெயிலில் காய வைத்தார். திருவிழா முடிந்ததும் கோலார். அவர் அதைச் சொல்லவில்லை. பெட்டி வாசலில் காய்ந்துகொண்டிருந்தது, அது போதாதா? மாமனார் அந்தப் பெட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். நாலைந்து நாள் அடுப்பங்கரையில் பாத்திரம் உடையாமல் தப்பியது ஆச்சரியம். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அறைக்கதவு. என் புருஷனை ஊரைவிட்டு விரட்டுகிற அந்தச் சனியன் என்னதான் ருசி என்று நானும் பார்த்துவிடுகிறேன் என்று எழுந்தேன். வயிறு நிறையச் சோறு, வாயில் கருவாடு, தலையில் முக்காடு இல்லை. பாவத்துக்குமேல் பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு டம்ளர் பிடித்து வந்து, தட்டின் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன்.

ஐயோ, துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது. உபதேசியார் சொன்னதற்குமேல் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்று கவனித்தேன். வயிறு எரியவில்லை. தலை சுற்றவில்லை. கோபம் கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

கருவாடுதான் கெடுத்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். மறுநாள் களியோடு கொள்ளு கடைந்து வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குடித்துப் பார்த்தேன். பரவாயில்லை, கொள்ளும் ஒயினும் முறைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அதற்கடுத்த நாள் பச்சைமிளகாய்த் துவையல். அன்றைக்கு நான் கிணற்றடிக்கு ஓடினேன். மிளகாய் பற்ற வைத்ததில் ஒயின் எண்ணெய் ஊற்றிவிட்டது. வறுத்த கடலையோடு நன்றாக இருந்தது. புளிக்குழம்போடு ஆகவே ஆகாது, புளிப்போடு புளிப்பு சேர்ந்து பல் கூசியது. இப்படியாக ஒரு வாரம் மத்தியானம் மத்தியானம் நான் மட்டும் பெரிய வீட்டு துரைசாணி மாதிரி சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார் நிதானம் என்ற புண்ணியத்தைப் பற்றிப் பேசியபோது என் முகத்தைப் பார்த்துப் பேசுவது போலவே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ராஜமேரி வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பன்றி அடித்திருந்தார்கள். கொழுப்போடு கூடிய கறியை மிளகும் பூண்டும் மட்டும் தட்டிப் போட்டு, அதன் நெய்யிலேயே சுருள வதக்கி ஒரு சட்டி கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, கை அனிச்சையாக டம்ளரை எடுத்தது.

எப்படிச் சொல்வது? நாக்கில் படிந்திருந்த கொழுப்பையெல்லாம் கறுப்பனின் துவர்ப்பு வந்து வழித்துக்கொண்டு போனது. வாய் சுத்தமானது. அந்த இடத்தில் ஒரு இனிப்பு, நாவல் பழத்தை உப்புப் போட்டுத் தின்றால் கடைசியில் வருமே அது போல. விழுங்கி முடித்த பிறகு, போனது என்று நினைத்த நேரத்தில், பன்னீரின் வாசனை மூக்குக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தது. முதலில் வருபவன் கறுப்பன், வழியனுப்ப வருபவள் பன்னீர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இது இல்லை. உடனே இன்னொரு துண்டு கறி கேட்டது வாய். கறி தின்றால் ஒயின் கேட்டது. அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்தேன். என் புருஷன் கெட்ட ஒயின் போடவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைப் பட்டினியோடு குடித்துவிட்டு அதன்மேல் பழி போட்டிருக்கிறோம்.

செபாஸ்டின் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் பயந்துபோனார்.

"சோத்தைத் தின்னுட்டா குடிச்ச?"

"பன்னிக்கறியும் தின்னுட்டுக் குடிச்சன்."

"மேரி, அது என்ன கள்ளா? சாமி காரியம்."

"பூசையில வெச்சாத்தாங்க சாமி காரியம். இப்ப அது நம்ம வூட்டுப் பழச்சாறு. மொதல்ல வாயைத் தொறங்க, பேச்சு அப்புறம்."

துண்டை அவர் வாயில் திணித்தேன். மென்றார். டம்ளரைக் கையில் கொடுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். பந்தல் போட்டதிலிருந்து பட்ட பாடெல்லாம் அவர் முகத்தில் வந்து போனது. "பாதிக்குப் பாதி சரிதான்" என்று மெதுவாகச் சொன்னார். இன்னொரு துண்டு இருக்கிறதா என்று கேட்டார்.

இதற்கு மேல்தான் சிக்கலே. திருவிழா மேசைக்கு உபதேசியார் ஏற்கெனவே ஒகேனக்கல்லில் மீனுக்குச் சொல்லி வைத்துவிட்டார். புளியும் மிளகாயும் தாராளமாகப் போட்ட மீன் குழம்பு. அந்தக் குழம்போடு எங்கள் ஒயினைக் குடித்தால் சாமிமார் எல்லோரும் ஆணியைத்தான் நக்க வேண்டும். மேசைக்குப் பன்றிக்கறி வேண்டும். ராஜமேரி வீட்டுப் பன்றி தீர்ந்துபோயிற்று. ஊரில் அறுக்கிற பருவத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, அது என் மாமனாருடையது.

அதைக் கேட்பதற்கு எனக்கே நா எழவில்லை. கிறிஸ்துமஸுக்கு மதலைமுத்து வரும்போது அறுப்பதற்காக அவர் அதைக் குட்டியிலிருந்து வளர்த்துக்கொண்டிருந்தார். மகன் இளைத்துப்போய் வருகிறான், நெஞ்சுக்கு நெய் வேண்டும் என்று, தன் பங்குக் களியில் பாதியைக் கரைத்து அதற்கு ஊற்றுவார். பெரிய மகனுக்கு அனுப்ப முடியாத சோற்றையெல்லாம் அந்தப் பன்றிக்குப் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேட்பதற்குப் பதிலாக உண்ண வைத்தேன். சட்டியில் மிச்சமிருந்த கறியைச் சுட வைத்து, களி உருட்டி, பக்கத்தில் ஒரு டம்ளர் ஒயினும் வைத்துக் கூப்பிட்டேன். செபாஸ்டின் தூணோரம் நின்றார்.

"மாமா, கறியைத் தின்னுட்டு இதை ஒரு வாய் குடிங்க."

"வயிறு எரியும்மா."

"எரிஞ்சா நாளைக்கே நான் கொடியைப் புடுங்கறங்க. நீங்க மம்பட்டியக்கூடத் தொட வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். தூணோரம் நின்ற மகனைப் பார்த்தார். வாசலில் இன்னும் எடுக்காமல் கிடந்த தகரப் பெட்டியையும் பார்த்தார். கறியை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். டம்ளரைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நல்லாத்தான் இருக்குது" என்றார்.

நான் விடவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து மீன் குழம்பு விஷயத்தையும் பன்றி விஷயத்தையும் கொட்டிவிட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். தூணருகே போய் நின்றார். வருஷக்கணக்கில் மகனைப் பார்த்துப் பேசாத மனுஷர், "பன்னிய என்னைக்குடா அறுக்கணும்?" என்று கேட்டார்.

செபாஸ்டின் என் பக்கம் திரும்பினார். வழக்கம்போல நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "திருவிழா அன்னைக்கு விடியக்காலமுங்க மாமா. மொத நாள் சுத்தபோசனம், கறி தொடக் கூடாது."

திருவிழாவும் வந்தது. லெமேர் சாமி முந்தின நாள் சாயங்காலம்தான் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார். பாதி ஆளாகியிருந்தார். வந்தவரை மக்கள் சூழ்ந்துகொண்டதில் எங்களால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. மறுநாள் பாட்டுப் பூசை, தேர் எல்லாம் முடிந்து, மத்தியானம் பங்களாவில் சாமிமாருக்கு மேசை போட்டார்கள். வெள்ளை அங்கியும் தாடியுமாக மேசை முழுக்கச் சாமிமார். பின்கட்டுக் குசினியில் நானும் ராஜமேரியும் மிளகு தட்டிப் பன்றிக்கறி வதக்கிக்கொண்டிருந்தோம்.

பீப்பாயை உபதேசியார் வசம் ஒப்படைத்ததுதான் பிசகு. கறியோடுதான் ஒயின் வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அவரும் தலையாட்டினார். ஆனால் மரியாதை என்று ஒன்று அவருக்கு இருக்கிறதே. சாமிமார் உட்கார்ந்ததுமே, மேசையில் ஒரு பருக்கை விழுவதற்கு முன்பே, தட்டில் துணி விரித்துக் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து, மூத்தவரிலிருந்து தொடங்கிக் கொண்டுபோய் நீட்டினார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர்கள் வெறும் வயிறு. பூசைக்கு வந்தவர்கள் அல்லவா.

மூத்தவர் ஒரு தாடிச் சாமி. சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். டம்ளரைக் கீழே வைத்துக் கைக்குட்டையால் தாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் வைத்ததைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர் எடுக்கவே இல்லை. கதவோரம் நின்ற செபாஸ்டின் சட்டென்று திரும்பி வெளியே நடக்கத் தொடங்கினார்.

குசினி ஜன்னல் வழியாக இதைப் பார்த்த எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. சாமிமார் மேசைப் பக்கம் பொம்பளை போகிற வழக்கம் இல்லை. கறித்தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனேன். வழியில் செபாஸ்டினை முழங்கையால் தடுத்து, "நில்லுங்க இங்கியே" என்றேன்.

தாடிச் சாமியின் முன்னால் தட்டை வைத்தேன். "சாமி, தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல இதைத் தின்னுங்க. அப்புறம் அதைக் குடிங்க. வெறும் வயித்துல குடிச்சுட்டு எங்க ஒயினைப் பத்தி முடிவு பண்ணாதீங்க."

உபதேசியார் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. "சாமி மன்னிக்கணும். விவரம் தெரியாத பொண்ணு."

லெமேர் சாமி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நில்லுங்கள். நீங்கள் இந்த ஒயினை எப்பொழுது ருசி பார்த்தீர்கள்?"

"ஆடி மாசம் சாமி. விடியக்காலம், பட்டினி இருந்து, முழங்காலில் நின்னு பாத்தோம்" என்றார் உபதேசியார் பெருமையாக.

"முழங்காலிலா?"

"ஆமாம் சாமி. நீங்களே தினமும் வெறும் வயித்துலதானே குடிக்கிறீங்க."

லெமேர் சாமி அதைத் தன் பாஷையில் மற்றவர்களுக்குச் சொன்னார். வெடித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த கண்ணாடிகள் கிணுகிணுத்தன. லெமேர் சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உபதேசியாரே, அது பூசை. இது போஜனம். இரண்டுக்கும் நடுவே ஒரு பன்றி இருக்கிறது."

தாடிச் சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கறியை எடுத்து மென்றுகொண்டிருந்தார். கொழுப்புத் துண்டாகப் பார்த்து எடுத்திருந்தார் என்பதை நான் கவனித்தேன். பிறகு டம்ளரை எடுத்தார். குடித்தார். நிறுத்தினார். மறுபடியும் கறி, மறுபடியும் ஒரு வாய். அவர் மூக்கு லேசாக விரிந்தது. பன்னீர் வந்து சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலி டம்ளரை அவர் உபதேசியார் பக்கம் நீட்டியபோது நான் மூச்சு விட்டேன்.

கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னச் சாமி, அதற்குள் மேசைக்கு வந்திருந்த மீன் குழம்பை எடுத்து ஊற்றிக்கொள்ளப் போனார். நான் உள்ளே வந்த வேகத்திலேயே குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்துவிட்டேன். அதை நாங்கள் சாயங்காலம் சாப்பிட்டோம், அருமையாக இருந்தது.

எழுந்திருக்கும்போது லெமேர் சாமி செபாஸ்டினைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். அடுத்த வருஷம் பந்தலை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார். கறுப்பன் கொடி இன்னும் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். தாடிச் சாமி தம் பங்களாவுக்கு இப்போதே கொஞ்சம் கொடுத்தனுப்ப முடியுமா என்று விசாரித்தார். செபாஸ்டின் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உபதேசியாரும் மறுநாளிலிருந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் ஒயின் குடிக்க வேண்டும் என்று ஊருக்கே புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மாமனாருக்கு வீட்டில் இலை போட்டேன். காலையிலிருந்து அவர் பங்களாப் பக்கமே வரவில்லை. பன்றி இல்லாத பட்டியைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். கிணற்றடியில் செபாஸ்டின் லெமேர் சாமிக்குப் பந்தலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது இங்கிருந்து தெரிந்தது. களியும் கறியும் வைத்து, பக்கத்தில் ஒயினும் ஊற்றி வைத்தேன். அவர் டம்ளரைக் கையால் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க மாமா? அன்னைக்கு நல்லாருக்குதுன்னீங்க."

"யாருகிட்டயும் சொல்லாத." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கே அது எனக்கு வாய்க்கு ஒத்து வரல. பழங்கஞ்சியில பாக்கு ஊற வெச்ச மாதிரி இருந்துச்சு. சாமிமாரு எப்படித்தான் குடிக்கறாங்களோ."

"அப்புறம் எதுக்குங்க மாமா பன்னிய அறுக்கச் சொன்னீங்க? பெரியவருக்குன்னு வளத்ததாச்சுங்களே."

அவர் ஒரு துண்டை எடுத்துக் களியில் அமுக்கினார். "பெரியவன் வந்தாக் கோழி அடிச்சுக்கலாம்மா. ஒருத்தன் இருமிக்கிட்டு வர்றதப் பாத்தாச்சு. இன்னொருத்தனையும் அப்படிப் பாக்க என்னால ஆவாது."

அவருக்கு ஊற்றியதை நானே எடுத்துக் குடித்துவிட்டு, அவர் இலையில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தேன்.